இருப்பதா, ஏறுவதா, இறங்குவதா: சிறு கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளரின் முன்னுள்ள வழிகள்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அடியில் இரண்டு சலவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முந்தைய நாள் மழையில் ஆடிய ஆட்டத்தின் சேறு அப்பிய ஜெர்சிகள் நூற்றுக்கும் மேல் தரையில் குவிந்து கிடந்தன. உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஒரு மடிக்கணினி. அடுத்த சனிக்கிழமை மோதப்போகும் அணியின் ஆட்டம் அதில் ஓடியது. கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஜெர்சிகளை மடித்து எண் வாரியாக அடுக்கியபடியே, ஒரு காட்சியை நான்கைந்து முறை பின்னுக்குத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நான் வாசலில் நின்றேன்.

அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்களுக்கான துணைப் பயிற்சியாளர் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைப்போல மூன்று மடங்கு. வயது 38, இரண்டு பிள்ளைகள். போவதா, இருப்பதா?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். அமெரிக்கன் ஃபுட்பாலின் அரிச்சுவடியையே அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னிடம் கேட்டதற்குக் காரணம், அந்த ஊரில் இந்தச் செய்தியை வேறு யாரிடமும் அவரால் சொல்ல முடியாது என்பதுதான். கேட்டவருக்கு அரைகுறையாக ஒரு பதில் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. இதே சந்தியில் நின்றவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள், என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்தேன். அப்படித் திரட்டியதும், அதிலிருந்து எனக்குப் பட்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படிக்கட்டுகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று டிவிஷன்கள் உண்டு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் லட்சம் பேர் அமரும் மைதானங்களெல்லாம் முதல் டிவிஷனின் மேல்தட்டைச் சேர்ந்தவை. இரண்டாம் டிவிஷனில் ஒரு ஃபுட்பால் அணி முழுவதற்குமாக 36 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகையைப் பிரித்துக் கொடுக்கலாம். 1973ல் உருவான மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கீழ் இன்னும் பல சிறு கல்லூரிகள் ஆடுகின்றன.

உதவித்தொகை இல்லாத கல்லூரி ஏன் ஃபுட்பால் அணி வைத்திருக்கிறது? இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பயிற்சியாளரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு மாணவர்களே படிக்கும் தனியார் கல்லூரியில் ஃபுட்பால் அணியில் மட்டும் நூற்றுச் சொச்சம் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள். அணி இல்லையென்றால் அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆகவே கல்லூரித் தலைவர் ஆகஸ்ட் மாதத்தில் பயிற்சியாளரிடம் கேட்கும் முதல் எண் வெற்றிகளின் எண்ணிக்கையாக இருக்காது. எத்தனை பையன்கள் சேர்ந்தார்கள் என்பதாகத்தான் இருக்கும். ஆளெடுப்புக்காக மாநிலம் முழுக்கக் காரோட்டுவது, வகுப்பெடுப்பது, வசந்த காலத்தில் தடகள அணியைப் பார்த்துக்கொள்வது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கெழுதுவது, ஜெர்சி துவைப்பது எல்லாம் அந்த ஒரு சம்பளத்துக்குள் அடக்கம்.

இந்த வாழ்க்கையிலேயே கடைசிவரை இருந்தவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஜான் கல்யார்டி. கொலராடோவின் டிரினிடாட் ஊரில் 1943ல் அவருடைய உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளரைப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். 16 வயது கல்யார்டி ஆட்டக்காரனாக இருந்தபடியே பயிற்சியாளரும் ஆனார். பெரியவர்கள் சொல்லித்தந்த பயிற்சிகளில் எவையெல்லாம் தனக்குப் பிடிக்கவில்லையோ அவற்றையெல்லாம் அன்றே தூக்கி எறிந்தார். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது கிடையாது. பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துவது கிடையாது. விசில் கிடையாது. தன்னை யாரும் ‘கோச்’ என்று அழைக்கக்கூடாது, ஜான் என்றால் போதும். பயிற்சி ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். உடற்பயிற்சி என்ற பெயரில் பையன்களைப் புல்லில் மல்லாந்து படுக்கவைத்து, இன்று எவ்வளவு அழகான நாள் என்று பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்லச் செய்வார்.

மொன்டானாவின் கேரல் கல்லூரியில் நான்கு பருவங்கள். பிறகு 1953ல் மின்னசோட்டாவில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு வந்தார். 2012ல் 86 வயதில் ஓய்வுபெறும்வரை அங்கிருந்து நகரவில்லை. தொடக்க காலத்தில் ஐஸ் ஹாக்கி அணிக்கும் அவரே பயிற்சியாளர். மொத்தம் 489 வெற்றிகள், நான்கு தேசியப் பட்டங்கள். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் எந்த டிவிஷனிலும் எந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணை எட்டியதில்லை.

இந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மோதலில்லாத பயிற்சியை 1950களில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் யாராவது செய்ய முனைந்திருந்தால், இரண்டு ஆட்டம் தோற்ற உடனேயே முன்னாள் மாணவர்களும் நன்கொடையாளர்களும் ஆளை ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள். தலைக்காயங்களைப் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் தன் பையன்களின் மண்டையைக் காப்பாற்றினார் என்றால், அதற்கான சுதந்திரம் அந்தச் சிறிய இடத்தில்தான் கிடைத்தது. இருப்பதா ஏறுவதா என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் சுதந்திரத்துக்கு மதிப்பெண் போட மறந்துவிடுகிறார்கள்.

இருந்து சாதித்த இன்னொருவர் லேரி கேரஸ். ஓஹாயோவின் அலயன்ஸ் என்ற சிற்றூரில் மவுன்ட் யூனியன் கல்லூரி. 1986 முதல் 2012 வரை 27 பருவங்கள்: 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். மூன்றாம் டிவிஷன் தேசியப் பட்டம் 11 முறை. அவர் படித்ததும் அங்கேதான், துணைப் பயிற்சியாளராகப் பதினொரு ஆண்டுகள் உழைத்ததும் அங்கேதான். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. பயிற்சியாளராக இருந்தபடியே அவர் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநரும் ஆனார். அதாவது தனக்கு மேலதிகாரி தானே. பயிற்சியாளர் வேலையிலிருந்து இறங்கியபின் மகன் வின்ஸ் அணியை ஏற்று மேலும் இரண்டு பட்டங்கள் வென்றார். இருப்பது என்று முடிவெடுப்பவர், வெறும் பயிற்சியாளராக இருந்து காலத்தைக் கழிக்காமல் இப்படி வேரூன்ற வேண்டும்.

லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை இருந்த எட்டி ராபின்சனை இந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன். 408 வெற்றிகள், தொழில்முறை லீக்குக்கு இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் என்று அவருடைய சாதனை மலைபோல் நிற்கிறது. தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞராக அந்த வேலைக்கு வந்தார். இரண்டாவது பருவத்திலேயே, 1942ல், எதிரணிகளை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் ஒன்பது ஆட்டங்களையும் வென்றார். ஆனால் அவர் ‘இருந்தார்’ என்று சொல்வதே முழு உண்மையாகாது. கறுப்பினத்தவரான அவருக்கு மேலே ஏறப் படிக்கட்டே கிடையாது. முதல் டிவிஷனின் மேல்தட்டில் ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் முதன்முதலாக நியமிக்கப்பட்டது 1979ல்தான். விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் வில்லி ஜெஃப்ரிஸை எடுத்தது. அதற்குள் ராபின்சனுக்கு வயது அறுபது. கதவு திறந்திருந்தும் போகாதவரையும், கதவே இல்லாதவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது அநியாயம். அவருடைய கடைசி மூன்று பருவங்களும் தோல்வி மிகுந்தவையாக முடிந்ததையும் சொல்லத்தான் வேண்டும். இருப்பவர்களுக்கு, எப்போது விடுவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

இருப்பதில் இன்னோர் ஆபத்து. நாம் இருக்க முடிவெடுத்தாலும் கல்லூரி இருக்க வேண்டுமே. அயோவாவின் மவுன்ட் பிளெசன்ட் ஊரில் 1842ல் தொடங்கிய அயோவா வெஸ்லியன் 2023 மே மாதம் மூடப்பட்டது. இல்லினாயின் மெக்மரி கல்லூரி 2020ல் போயிற்று. அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன் 2024ல். மூன்றிலும் ஃபுட்பால் அணி இருந்தது. நாற்பது ஆண்டு உழைக்கலாம் என்று நினைத்து வீடு வாங்கிய பயிற்சியாளர்கள் ஒரே வசந்த காலத்தில் வேலையும் அணியும் இழந்தார்கள். கல்யார்டியின் காலத்தில் யாரும் இப்படிக் கவலைப்படவில்லை. இன்று மாணவர் சேர்க்கை ஐந்து ஆண்டுகளில் எப்படி நகர்ந்திருக்கிறது, கல்லூரியின் மூலநிதி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்காமல் இருந்துவிடுவது அறிவீனம். இந்தக் கணக்குகளில் பலவும் பொதுவில் கிடைப்பவைதான்.

அயோவா வெஸ்லியன் பெயரைச் சொன்னதும் ஏறுவதைப் பற்றிய கதையும் தொடங்கிவிடுகிறது. 1989ல் ஹால் மம்மி அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். துணைக்கு மைக் லீச். சட்டம் படித்துப் பட்டம் வாங்கியபின் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, 1987ல் கலிஃபோர்னியாவின் கால் பாலியில் ஆண்டுக்கு 3,000 டாலர் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வாழ்க்கையைத் தொடங்கியவர். இருவரும் சேர்ந்து பந்தை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும் ‘ஏர் ரெய்டு’ ஆட்டமுறையை அந்தச் சின்ன ஊரில் வளர்த்தெடுத்தார்கள். அடுத்து ஜார்ஜியாவின் வால்டோஸ்டா ஸ்டேட், 1997ல் கென்டக்கி. லீச் பின்னர் டெக்சஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் என்று 2022ல் இறக்கும்வரை பெரிய அணிகளுக்குத் தலைமை தாங்கினார். இன்றைக்கு அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி முதல் தொழில்முறை லீக் வரை அந்த ஆட்டமுறையின் சாயல் இல்லாத இடம் குறைவு. மம்மிக்கோ கென்டக்கியில் ஆளெடுப்பு விதிமீறல் விசாரணையோடு 2001ல் பதவி போயிற்று. பின்னாளில் மெக்மரி பல்கலைக்கழகம், பெல்ஹேவன் என்று மறுபடியும் சிறு கல்லூரிகளில் அவர் தன் ஆட்டத்தை நடத்தினார். இந்த மெக்மரி டெக்சஸில் இருப்பது; மூடப்பட்ட கல்லூரி வேறு. மேலே போனவர்கள் எல்லாரும் மேலேயே நிற்பதில்லை.

ஏறுவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. தலைமை நாற்காலியை விட்டுவிட்டுத் துணையாளராக மேல்மட்டத்துக்குப் போவது ஒன்று. தலைமைப் பயிற்சியாளராகவே அடுத்த படிக்குத் தாவுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வாழ்ந்து பார்த்தால் வேறு வேறு வாழ்க்கைகள்.

முதல் பாதைக்கு கேலன் டிபோர். தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் பல்கலைக்கழகத்தில், தான் ஆடிய அதே என்.ஏ.ஐ.ஏ. அணிக்கு 2005 முதல் 2009 வரை தலைமைப் பயிற்சியாளர். 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று தேசியப் பட்டங்கள். ஐந்து ஆண்டில் மூன்றே தோல்வி! இப்படி ஆண்டுகொண்டிருந்த மனிதர் 35 வயதில் நாற்காலியை விட்டு எழுந்து, சதர்ன் இல்லினாய்க்குத் தாக்குதல் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகப் போனார். பிறகு ஈஸ்டர்ன் மிச்சிகன், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், இண்டியானா. வேறொருவரின் அணியில், வேறொருவரின் முடிவுக்குக் கட்டுப்பட்டுப் பத்து ஆண்டுகள். 2019 டிசம்பரில்தான் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அங்கிருந்து வேகம் பிடித்தது: 2022ல் வாஷிங்டன், 2024 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம், அதில் மிச்சிகனிடம் தோற்ற சில நாள்களிலேயே நிக் சேபன் விட்டுப்போன அலபாமா நாற்காலி. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கோடி டாலருக்கும் மேல் சம்பளம்.

முடிவை மட்டும் பார்த்தால் டிபோரின் பாதையே சிறந்தது என்று தோன்றும். நான் நடுவிலிருக்கும் அந்தப் பத்து ஆண்டுகளைப் பார்க்கிறேன். மேலே ஒரு தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவருடைய துணையாளர்கள் பெரும்பாலும் கூண்டோடு வெளியேற வேண்டும். அவர்கள் தப்பு செய்தார்களா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நவம்பர் கடைசியில் செய்தி வரும். ஜனவரிக்குள் வேறு மாநிலத்தில் வீடு பார்க்க வேண்டும். பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற வேண்டும். டிபோர் ஏறிய படிகளில் வழுக்கி விழுந்து, யாருக்கும் பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவர் போனது ஒருங்கிணைப்பாளராக. அடுத்து என்ன ஆட்டம் ஆடுவது என்று தீர்மானிக்கும் வேலை அது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த அழைப்பில் அந்த அதிகாரம் இல்லை.

வயது குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. நிக் சிரியானி மவுன்ட் யூனியனில் ஆடி, அங்கேயே துணையாளராகத் தொடங்கி, பென்சில்வேனியாவின் இண்டியானா பல்கலைக்கழகம் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே தொழில்முறை லீக்குக்குள் கீழ்ப்படியில் நுழைந்தார். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியோடு அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வென்றார். விட்டுக்கொடுக்க அவரிடம் நாற்காலி எதுவும் இருக்கவில்லை. 25 வயதில் கையில் இருப்பது காலம் மட்டுமே. அதை வைத்துத் துணிந்து ஏறலாம்.

இரண்டாம் பாதைக்கு லேன்ஸ் லைபோல்ட். விஸ்கான்சின் வைட்வாட்டர் மூன்றாம் டிவிஷனில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அவர் குவார்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவராக, ஆடியதும் அங்கேதான். 2007 முதல் 2014 வரை எட்டுப் பருவங்களில் 109 வெற்றி, 6 தோல்வி, ஆறு தேசியப் பட்டங்கள். நூறாவது வெற்றியை 106வது ஆட்டத்திலேயே எட்டினார், என்.சி.ஏ.ஏ. வரலாற்றில் அதைவிட விரைவாக யாரும் எட்டவில்லை. வர்ஜீனியாவின் சேலம் நகரில் நடந்த இறுதி ஆட்டங்களில் 2007 முதல் 2011 வரை ஐந்து ஆண்டும் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் லேரி கேரஸ். நான்கில் லைபோல்ட் வென்றார், ஒன்றில் கேரஸ். ஒரே டிவிஷன், ஏறக்குறைய ஒரே பலம். ஒருவர் கடைசிவரை இருந்தார், மற்றவர் 50 வயதில் கிளம்பினார். இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட இந்தக் கேள்விக்கு நல்ல பாடம் கிடைக்காது.

லைபோல்ட் போன இடம் நியூயார்க்கின் பஃபலோ. போனதும் வெற்றி வரவில்லை. முதல் பருவத்தில் 5 வெற்றி, 7 தோல்வி. இரண்டாவதில் 2 வெற்றி, 10 தோல்வி. எட்டு ஆண்டில் ஆறு முறை தோற்ற மனிதர் ஒரே இலையுதிர் காலத்தில் பத்து முறை தோற்றார். அந்தப் பருவத்தில் அவருடைய சனிக்கிழமை இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகம் பொறுத்தது. 2018ல் பத்து வெற்றி. 2019ல், பருவத்தின் முடிவில் தேறிய அணிகளுக்கு வாய்க்கும் ‘பௌல்’ ஆட்டத்தில் பஃபலோ வரலாற்றிலேயே முதல் வெற்றி. 2021ல் கேன்சஸ் அழைத்தது. பல ஆண்டுகளாகத் தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த அந்த அணியை 2022ல், 2008க்குப் பிறகு முதன்முறையாக, ஒரு பௌல் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 2023ல் ஒன்பது வெற்றிகள்.

அவர் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், தனியாகப் போகவில்லை. வைட்வாட்டரில் தற்காப்பு ஆட்டத்தைக் கவனித்த பிரையன் போர்லண்ட், தாக்குதலைக் கவனித்த ஆண்டி கோட்டல்னிக்கி இருவரும் பஃபலோவுக்கும் வந்தார்கள், கேன்சஸுக்கும் வந்தார்கள். பத்துத் தோல்விகள் வந்த ஆண்டில், சுற்றி நிற்பவர்கள் நம்மோடு ஜெயித்துப் பழகியவர்களாக இருப்பதற்கும், நேற்றுத்தான் அறிமுகமானவர்களாக இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. டிபோரும் உச்சிக்கு வந்தபின் சூ ஃபால்ஸில் தன்னோடு இருந்த ரையன் கிரப், சக் மொரெல் ஆகியோரைத்தான் தேடி அழைத்தார். தலைமைப் பயிற்சியாளராக ஏறுகிறவர் தன் ஆட்களைக் கூட்டிப் போகலாம். துணையாளராக ஏறுகிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

மூன்றாவது வழியை யாரும் வழி என்றே சொல்வதில்லை, இறங்குவது. கர்ட் சிக்னெட்டி 2007 முதல் அலபாமாவில் நிக் சேபனின் துணையாளர், ஆளெடுப்பின் பொறுப்பாளர். 2009 பருவத்தின் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். எல்லாரும் ஏங்கும் இடம். 2011 தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கும் வயதில், அதை விட்டுவிட்டுச் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பென்சில்வேனியாவின் அதே இண்டியானா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக இறங்கிப் போனார். அவருடைய தந்தை ஃபிராங்க் சிக்னெட்டி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த அணி அது. மைதானத்துக்கே தந்தையின் பெயர். பதவியேற்கும்வரை அவர் ஒரு கல்லூரி அணிக்கும் தலைமை தாங்கியதில்லை. அங்கே ஆறு பருவங்கள், பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். 2024ல் இண்டியானா மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான இண்டியானாவுக்கு வந்தார். தோல்விக்குப் பெயர்போன அந்த அணி முதல் பருவத்திலேயே 11 ஆட்டங்களில் வென்று, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அப்போது அவருக்கு வயது 63.

சிக்னெட்டியின் கதை என் மனத்தைப் புரட்டிப் போட்டது. மேலே இருந்த நான்கு ஆண்டுகள் அவருக்கு ஓர் உயர்ந்த கல்வி. அதைக் காட்ட நாற்காலி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலி எங்கே கிடைத்ததோ அங்கே போனார், அது எவ்வளவு கீழே இருந்தாலும். பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியானதில், பந்தை எதிரணியிடம் உதைத்துத் தள்ளுவதா, துணிந்து ஆடுவதா என்று மழையில் நின்று ஒருவர்தான் முடிவெடுக்கிறார். தவறு செய்த பையனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்பதா, அவனுடைய அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் அவர்தான் முடிவெடுக்கிறார். இந்தப் பழக்கம் பெரிய அணியில் துணையாளராக நின்று பார்த்தால் வராது. சின்ன ஊரில் ஐந்நூறு பேர் முன்னால் செய்தாலும் வரும்.

சம்பளத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது சுலபம்; குடும்பம் நடத்துகிறவருக்கு அது கைகூடாது. மூன்று மடங்கு சம்பளம் என்பது கல்விக் கடனை அடைக்கும், பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்க்கும். அதைக் கேவலமாக நினைக்க எனக்கு உரிமை இல்லை. அதே நேரம் சிறு கல்லூரியில் பயிற்சியாளரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை பல இடங்களில் உண்டு. அதைச் சம்பளத்தோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். வேலையின் ஆயுளையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். மேலே மூன்று மடங்கு வாங்கி மூன்றாம் ஆண்டில் நீக்கப்பட்டால், நடுவில் வேலையில்லாத மாதங்களும் இரண்டு முறை வீடு மாற்றிய செலவும் சேர்ந்து மிச்சம் எவ்வளவு? பெரிய தலைமைப் பயிற்சியாளருக்கு நீக்கினாலும் ஒப்பந்தப் பணம் கொட்டும். இரண்டாம் டிவிஷனின் கிராண்ட் வேலி ஸ்டேட்டில் 13 பருவங்கள் இருந்து இரண்டு பட்டங்கள் வென்று, நோட்ர டாம் வழியாக லூசியானா ஸ்டேட் வரை ஏறிய பிரையன் கெல்லியை 2025 அக்டோபரில் நீக்கினார்கள். அவருக்குக் கோடிகளில் பாக்கி இருந்தது. துணையாளர்களின் ஒப்பந்தங்கள் அப்படிப்பட்டவை இல்லை.

இப்போது புதிதாக ஒரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்று விதிகள் தளர்ந்துவிட்டன. சிறு கல்லூரியில் இரண்டு ஆண்டு வளர்த்தெடுத்த பையனை மூன்றாம் ஆண்டில் பெரிய அணி கொண்டுபோய்விடுகிறது. பையனுக்கு நல்லது; பயிற்சியாளருக்கு மறுபடியும் நாற்று நட வேண்டும். கல்யார்டி இன்று இருந்திருந்தால் நான்கு ஆண்டுகளும் ஒரே பையன்களை வைத்திருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆகவே பழைய மகான்களின் எண்ணிக்கையைக் காட்டி இன்றைய இளைஞரை இருக்கச் சொல்வதிலும் நியாயக் குறைவு இருக்கிறது.

இத்தனையையும் பார்த்தபின் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். இந்த அழைப்பை விட்டுவிடுங்கள். சம்பளம் கூடுகிறது, கையிலிருக்கும் நாற்காலி போகிறது, ஆட்டத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் வரவில்லை. 38 வயதில் இது சரியான பேரம் இல்லை. ஒருங்கிணைப்பாளர் வேலையாக இருந்திருந்தால் ஒரு வாரம் யோசிக்கச் சொல்லியிருப்பேன். தலைமைப் பயிற்சியாளர் வேலையாக இருந்தால், அது ஒரு படி மட்டுமே மேலே என்றாலும், யாரைக் கூட்டிப் போகலாம் என்று கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லியிருப்பேன். இருக்கிற கல்லூரியின் சேர்க்கைக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். கோப்பை எடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்தார். நான்கு ஆண்டுகளாக ஏற்றமும் இல்லை, சரிவும் இல்லை.

அந்த வாரமே பெரிய பல்கலைக்கழகத்துக்கு மறுப்புச் சொல்லிவிட்டார். மூன்றாம் ஆண்டு, டிசம்பரில் ஒரு புதன்கிழமை இரவு, வேலி ஓரம் நின்று என்னைக் கூப்பிட்டார். பக்கத்து மாநிலத்தில் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்று. தலைமைப் பயிற்சியாளர் வேலை. துணையாளர்களில் நான்கு பேரை அழைத்து வரலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜனவரி இரண்டாம் வாரம் அவர்களுடைய சாமான்களை லாரியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன்.